துவைத்தும் போகாத எழுத்து: தீவனச் சாக்குகளும் ஏக்க நினைவின் அரசியலும்

அமெரிக்கக் கிராமப்புறப் பெண்களின் நினைவுகளைக் கொஞ்ச நாள் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு பொருள் திரும்பத் திரும்ப வந்து முன்னால் நிற்கிறது. வாய்மொழி வரலாறாகப் பதிவானவை, குடும்பத்துக்குள் எழுதி வைத்துப் பின்னால் அச்சேறியவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பொருள் தீவனச் சாக்கு. நமக்குச் சாக்கு என்றால் சணல். உடம்பில் பட்டால் அரிக்கும் கோணி. அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோதுமை மாவும் சர்க்கரையும் உப்பும் கோழித் தீவனமும் பருத்தித் துணிப் பைகளில்தான் பெருமளவு வந்தன. பையைக் காலி செய்த பிறகு துணி வீட்டுக்காரிக்கு. பாவாடை, சட்டை, ஜட்டி, தலையணை உறை, அணையாடை, ஜன்னல் திரை, பாத்திரம் துடைக்கிற துணி என்று எல்லாம் அதிலிருந்து ஆயின. மிஞ்சிய துண்டுகளை ஒட்டி, நடுவில் பஞ்சைப் பரப்பி, மூன்றடுக்காகச் சேர்த்துத் தைத்தால் குளிர்காலத்துக்கு ஒட்டுப்போர்வை.

இந்த நினைவுகளுக்கு ஏறக்குறைய ஒரே வாய்ப்பாடு. முதலில் வறுமை. அப்புறம் அம்மாவின் கைத்திறன். பிறகு, நாங்கள் ஏழைகள் என்று எங்களுக்கே தெரியாது என்கிற வாக்கியம். கடைசியில், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்கிற பெருமூச்சு. இந்தப் பெண்களோடு எனக்குத் தகராறு எதுவும் இல்லை. ஒரு சிறுமி புதுத் துணியின் வாசனையை எழுபது வருஷம் கழித்து நினைத்துப் பார்த்தால் அதைப் பொய்யுணர்வு என்று சொல்ல நான் யார்? தகராறெல்லாம் அந்த நினைவை எடுத்துவச்சு ஒரு தேசத்தின் நற்குணச் சான்றிதழாக அச்சடித்துக் கொடுக்கிற கதையாடலோடுதான்.

அந்தக் கதையாடலின் இப்போதைய வடிவம் இப்படி. பெருமந்தக் காலத்தில் ஏழைத் தாய்மார்கள் சாக்கைக் கிழித்துப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைப்பதை ஆலை முதலாளிகள் பார்த்தார்களாம். மனம் இளகிப் போனார்களாம். உடனே சாக்கில் பூப் போட்டு அச்சடிக்கச் சொன்னார்களாம். கோதுமை ஆலை ஒன்றின் பழைய புகைப்படத்தோடு இந்தக் கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. கேட்பவர்களுக்குக் கண் கலங்கிவிடும். முதலாளிக்கும் இதயம் உண்டு என்று நம்புவதற்கு எல்லோருக்குமே ஒரு சாக்கு தேவைப்படுகிறது போலும்.

ஆனால் தேதி இடிக்கிறது. வால் தெரு சரிந்தது 1929 அக்டோபரில். சாக்குத் துணியை உடுப்புத் துணியாகவே அச்சடித்து, அதில் சரக்கைக் கட்டி விற்பதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1924இலேயே போடப்பட்டுவிட்டது. போட்டவர் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஏசா பேல்ஸ். உரிமை செயின்ட் லூயிஸ் நகரத்து ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 'ஜிங்காம் கேர்ள்' என்ற பெயரில் அவர்களுடைய மாவு கட்டம் போட்ட துணிச் சாக்கில் வந்தது. மனம் இளகுவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்து வைத்த கருணை இது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முன்பெல்லாம் மாவு மரப்பீப்பாயில் போயிற்று. ஒரு பீப்பாய் 196 ராத்தல். எலியாஸ் ஹோ 1846இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் பாரத்தைத் தாங்குகிற அளவுக்குத் துணிப் பையை உறுதியாகத் தைக்க முடிந்தது. பை வந்த பிறகும் பீப்பாய்க் கணக்குப் போகவில்லை. அரைப் பீப்பாய்ப் பை 98 ராத்தல், கால் பீப்பாய் 49, அரைக்கால் இருபத்து நாலரை. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், போர் உற்பத்தி வாரியம் 5, 10, 25, 50, 100 என்று அளவுகளைச் சீர்ப்படுத்தும் வரை பெண்கள் இந்த விசித்திரப் பின்னங்களைத்தான் மனக்கணக்காகப் போட்டுத் துணி வெட்டினார்கள். 100 ராத்தல் தீவனச் சாக்கைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு கவுன் வேண்டுமானால் மூன்று சாக்கு. அதாவது 300 ராத்தல் தீவனம். அதைத் தின்று தீர்க்க எத்தனை கோழி வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் சாக்கு வெள்ளைதான். அதன் மேல் ஆலையின் பெயர், முத்திரை, எடை எல்லாம் மையால் அச்சடித்திருக்கும். துணியாக்குவது என்றால் முதல் வேலை எழுத்தை அழிப்பது. மை மேல் பன்றிக் கொழுப்பைத் தடவி ஊற வைப்பார்கள்; இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் போடுவார்கள். இரவு முழுக்க ஊறிய பிறகு வீட்டிலேயே காய்ச்சிய காரச் சோப்பைப் போட்டு, கொதிக்கிற தொட்டியில் அலசி, தேய்த்து, மறுபடி அலசி என்று கை வெந்துபோகிற வேலை. சாக்கின் வாயைத் தைத்திருந்தது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழு நூலும் வந்துவிடும். அந்த நூலையும் உருட்டி வைத்துக்கொள்வார்கள். அது போர்வை தைக்க, பின்னல் போட. எழுத்து லேசில் போகாது. ஜட்டியின் பின்பக்கத்தில் 'தானே உப்பும் மாவு' என்று மங்கலாகத் தெரிந்த கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் குனிந்தபோது பாவாடைக்குக் கீழே மாவு ஆலையின் பெயர் தெரிந்துவிட்ட பெண்ணுக்கு அன்றைக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது. ஏக்க நினைவு செய்கிற முதல் வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவமானத்தை நகைச்சுவையாகத் துவைத்துக் காயப்போடுவது.

எழுத்தை அழிக்காமல் போற்றிய சாக்குகளும் உண்டு. முதல் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியிலிருந்த பெல்ஜியத்துக்கு அமெரிக்க மாவு போனது. நிவாரணக் குழுவின் தலைவர் ஹெர்பர்ட் ஹூவர், பின்னால் ஜனாதிபதி ஆனவர். பருத்தி வெடிமருந்து தயாரிக்கவும் உதவும் என்பதால் காலிச் சாக்குகளைக் கணக்கு வைத்துப் பெண்களின் தையல் கூடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். அவர்கள் ஆலையின் பெயரையே பட்டு நூலால் பூவேலை செய்து நன்றியறிதலாகத் திருப்பி அனுப்பினார்கள். ஐயோவா மாநிலத்தில் ஹூவரின் பெயரிலுள்ள நூலக அருங்காட்சியகத்தில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தானமாக வந்த சாக்கில் கொடுத்தவன் பெயர் மேலும் அழகாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சாக்கிலோ விற்றவன் பெயர் போக வேண்டும். ஒரே துணியை இரண்டு விதமாக வாசித்த இந்தப் பெண்களிடம் நம் பிரதிக் கோட்பாட்டாளர்கள் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

இருபதுகளுக்கு வருவோம். அமெரிக்க விவசாயிக்குப் பெருமந்தம் 1929இல் வரவில்லை, 1920இலேயே வந்துவிட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஏறிய விலைகள் அந்த வருஷம் சரிந்தன, பிறகு சரியாக எழவே இல்லை. கையில் காசில்லாத வாடிக்கையாளரிடம் மாவையும் தீவனத்தையும் விற்க வேண்டும். மாவில் என்ன வித்தியாசம் காட்ட முடியும்? பையில் காட்டலாம். பூப்போட்ட சீட்டித் துணியில் சாக்கு தைத்தார்கள். நேரடியாக மையில் அச்சடிப்பதற்குப் பதிலாக, தண்ணீரில் ஊறினால் உரிந்து வருகிற காகித லேபிளை ஒட்டினார்கள். பெமிஸ், பெர்சி கென்ட், சேஸ், வெர்தன் போன்ற பை கம்பெனிகளுக்குள் போட்டி வந்தது. நியூயார்க்கிலிருந்து துணி வடிவமைப்பாளர்களை அமர்த்திக்கொண்டார்கள். பை உற்பத்தியாளர் சங்கம் தையல் கையேடுகளை வெளியிட்டது. எந்தச் சாக்கில் என்ன தைக்கலாம், மையை எப்படி எடுக்கலாம் என்று படத்தோடு சொல்லிக் கொடுத்தது. ஊர் ஊராகப் போய் வீட்டு நிர்வாகம் கற்பித்த அரசாங்க ஊழியர்களும் சாக்குத் தையலைக் கற்பித்தார்கள். 1914ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. தென் மாநிலங்களில் வெள்ளைக்காரிக்கு ஒரு ஊழியர், கறுப்புப் பெண்ணுக்கு வேறொரு ஊழியர். சாக்கு ஒன்றுதான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டால், பார்த்தீர்களா, சிக்கனம் என்பதே மூலதனம் கட்டமைத்த சொல்லாடல்தான் என்று முடித்துவிட்டுப் போய்விடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுத நினைத்தேன். வசதியான வாசிப்பு. ஆனால் இதில் பெண்கள் வெறும் ஏமாளிகளாக மட்டும் வருகிறார்கள், அது உண்மையில்லை. லூ ஆன் ஜோன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் தென் மாநிலப் பண்ணைப் பெண்களைப் பற்றி 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தீவனச் சாக்குக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். அவரைப் படித்த பிறகு என் கோட்பாட்டு அவசரம் கொஞ்சம் தணிந்தது.

விஷயம் கோழியில் இருக்கிறது. தெற்கில் பருத்தியும் புகையிலையும் ஆம்பிளை விவசாயம். அறுவடைக் கணக்கு அவன் பெயரில், கடனும் அவன் பெயரில். வீட்டைச் சுற்றி மேய்கிற கோழி, முட்டை, வெண்ணெய் எல்லாம் பெண் சமாச்சாரம். முட்டை விற்ற காசு அவள் கையில் இருக்கும். பருத்திப் பணம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும், வந்ததும் கடனுக்குப் போகும். முட்டைக் காசு வாராவாரம் வரும். பல வீடுகளில் உப்பு புளி வாங்கியதும் பள்ளிக்கூடப் புத்தகம் வாங்கியதும் இந்தக் காசுதான். (அங்கே ஏது புளி, நம் வீட்டு வழக்கில் சொல்கிறேன்.) கோழிகளுக்குத் தீவனம் வாங்குகிற முடிவும் அவளுடையது. பூப்போட்ட சாக்கு வந்ததும் அந்த முடிவுக்குத் திடீரென்று ஒரு கனம் வந்துவிட்டது. கடைக்குப் போவது பெரும்பாலும் புருஷன்தான். அவன் சட்டைப் பையில் ஒரு துண்டுத் துணியை வைத்து அனுப்புவாள். இதே பூ, இதே நிறம், இன்னும் இரண்டு சாக்கு வேண்டும். கடையில் அந்தச் சாக்கு எப்போதும் அடுக்கின் அடியில்தான் இருக்கும். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே 100 ராத்தல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைப்பார். வேட்டை, வானிலை, விலை என்று ஆம்பிளைகள் கூடிப் பேசுகிற இடம் தீவனக் கடை. அங்கே ஒரு ஆள் பூத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு பொருத்தம் பார்த்து நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். அதிகாரம் தலைகீழாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கொஞ்சம் கோணிப் போயிற்று, அவ்வளவுதான். அந்தக் கோணலில் ஒரு தலைமுறைப் பெண்கள் தங்கள் ருசி இன்னதென்று சொல்ல இடம் கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சாக்கை மாற்றிக்கொண்டார்கள், வேண்டாததை விற்றார்கள். கம்பெனி வகுத்த களத்துக்குள்தான் இதெல்லாம் நடந்தது. ஆனால் கம்பெனி நினைத்த மாதிரி மட்டுமே நடக்கவில்லை.

போர் வந்ததும் சாக்குக்குத் தேசபக்தி சேர்ந்தது. 1942இல் பெண்களின் உடுப்புக்கு எவ்வளவு துணி செலவழிக்கலாம் என்று போர் உற்பத்தி வாரியம் கட்டுப்பாடு போட்டது. சாக்குத் துணி தொழில்துறைச் சரக்கு என்ற கணக்கில் வந்ததால் அது கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பெண்களும் குழந்தைகளுமாக முப்பது லட்சம் பேர் சாக்கு உடுப்பு அணிந்தார்கள் என்ற மதிப்பீடு ஒன்று எல்லோராலும் எடுத்தாளப்படுகிறது. ஏழையின் அடையாளம் இரண்டே வருஷத்தில் குடிமகளின் கடமையாக மாறிய விதத்தைத் தனியாக எழுதலாம். இங்கே அதை விட்டுவிட்டு, நினைவுகளில் வராத இடத்துக்குப் போகிறேன்.

இந்தத் துணியை நெய்தது யார், தைத்தது யார்? ஏக்க நினைவில் சாக்கு எப்போதும் கடையில்தான் பிறக்கிறது. அட்லாண்டாவில் ஃபுல்டன் பை மற்றும் பருத்தி ஆலை என்று ஒன்று இருந்தது. ஜேக்கப் எல்சாஸ் என்ற ஜெர்மன் குடியேறி தொடங்கிய தொழில். பை தைத்து விற்றவர் பிறகு அதற்கான துணியையும் தானே நெய்ய ஆலை கட்டினார். 1897 ஆகஸ்டில் இந்த ஆலையில் இருபது கறுப்புப் பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். சுமார் இருநூறு வெள்ளைத் தொழிலாளிப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். கூலி உயர்வுக்காக அல்ல; அந்த இருபது பேரும் வெளியே போக வேண்டும் என்று. ஆலையே ஸ்தம்பித்தது. முதலாளி பணிந்தார், கறுப்புப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். தொழிலாளர் ஒற்றுமை வென்ற வேலைநிறுத்தம் என்று இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

அதே ஆலையில் 1914 மே மாதம் இன்னொரு வேலைநிறுத்தம் தொடங்கியது. அபராதங்கள், சொல்லாமல் நின்றால் கூலியைப் பிடித்துக்கொள்கிற ஒப்பந்தம், குழந்தைத் தொழிலாளர்கள், சங்கத்தில் சேர்ந்தவர்களை நீக்கியது எல்லாம் பிரச்சினை. நிர்வாகம் ஒற்றர்களைக் கூலிக்கு அமர்த்தித் தொழிலாளர்களோடு உலவ விட்டது. அந்த ஒற்றர்கள் அனுப்பிய அறிக்கைகள் இன்று ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. ஆலை வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் கூடாரத்தில் கிடந்தன. ஒரு வருஷம் தாக்குப்பிடித்து 1915இல் தோற்றார்கள். கூலிக்கு எதிர்த்து நின்றபோது தோல்வி. நிறத்துக்காக நின்றபோது வெற்றி. 1970களின் பிற்பகுதியில் மூடிய அந்த ஆலைக் கட்டிடம் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு.

பருத்தியை விளைவித்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்கில் உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமை முறை போய், வாரச் சாகுபடி வந்தது. நிலம் பண்ணையாருடையது. விதை, உரம், ஏர் மாடு, விளைச்சல் வரும்வரை சாப்பாடு எல்லாம் பண்ணையாரின் கடையிலோ ஊர் வியாபாரியிடமோ கடன். கணக்குப் புத்தகம் அவரிடம். எழுதப் படிக்கத் தெரிந்த கறுப்பனாக இருந்தாலும் கணக்கைக் கேள்வி கேட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. இலையுதிர் காலத்தில் பருத்தியை அளந்து கொடுத்த பிறகு கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடன்தான் மிச்சம். இந்தக் குடும்பங்கள் எடுத்த பருத்தி ஆலைக்குப் போய்ச் சாக்காகி, மாவையும் உரத்தையும் நிரப்பிக்கொண்டு, அதே பண்ணைக் கடைக்குக் கடன் சரக்காகத் திரும்பி வந்தது. தான் எடுத்த பஞ்சையே கடனோடு சேர்த்து வாங்கி உடுத்திக்கொள்வது. சாக்கில் அச்சாகியிருந்த எடையும் பெயரும் இவர்களுக்கு விளம்பரம் அல்ல, ரசீது.

அந்த வருஷங்களில் பருத்தி இல்லாமலா போயிற்று? பிரச்சினையே பருத்தி அதிகமானதுதான். 1929இல் ராத்தலுக்கு 16, 17 சென்ட் விற்றது 1931இல் 6 சென்டுக்கு வந்தது. 1933 கோடையில் விலையைத் தூக்கி நிறுத்துவதற்காக விளைந்துகொண்டிருந்த ஒரு கோடி ஏக்கர் பருத்தியை அரசாங்கமே பணம் கொடுத்து உழுது அழிக்கச் செய்தது. பணம் பெரும்பாலும் நிலக்காரன் கையில் நின்றது. சாகுபடி குறைந்ததால் வாரக் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். இதை எதிர்த்துத்தான் 1934இல் ஆர்கன்சா மாநிலத்து டைரோன்சாவில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்கார்ந்து தெற்கத்திய வாரக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒரு கோடி ஏக்கர் பருத்தியை மண்ணில் மூடிய அதே நாட்டில் குழந்தைகள் மாவுச் சாக்கை உடுத்தியிருந்தன. இதற்குச் சிக்கனம் என்று பெயர் வைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

அலபாமா நதி ஒரு பெரிய வளைவாகத் திரும்புகிற இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பர் குடியிருப்பு இருக்கிறது. பழைய அடிமைப் பண்ணையின் பெயரையே குடும்பப் பெயராகச் சுமப்பவர்கள் அங்கே அதிகம். 1932இல் இவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வியாபாரி இறந்துபோனார். அவருடைய மனைவி கடனை வசூலிக்க ஆள் அனுப்பினார். அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, வண்டி, ஏர், சேர்த்து வைத்திருந்த சோளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவுதான் உயிரைக் காப்பாற்றியது. இங்கே மாவுச் சாக்கு வந்த வழி அது. பொருத்தம் பார்த்து இன்னொரு சாக்கு கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

ஜீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகளில் பூத்துணி குறைவு. வெளுத்துப்போன வேலை உடுப்புகள், முட்டி தேய்ந்த கால்சட்டை, உரச் சாக்கு, மாவுச் சாக்கு. உள்ளே வைத்த பஞ்சு ஜின்னிங் ஆலைத் தரையில் கூட்டி அள்ளியது. குச்சியால் அடித்துத் தூசியை உதறி எடுத்தது. சுவரின் இடுக்குகளில் காற்று வராமல் செய்தித்தாள் ஒட்டிய வீடுகளில் போர்வை என்பது அலங்காரம் இல்லை. ஆனாலும் அந்தக் கோடுகளின் சாய்வையும் நிறங்களை நிறுத்தியிருக்கிற விதத்தையும் பார்க்கிற எவரும் இது வெறும் தேவையின் வேலை என்று சொல்ல மாட்டார். 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இவை சுவரில் மாட்டப்பட்டன. விமர்சகர்கள் நவீன ஓவியத்தின் பெரிய பெயர்களையெல்லாம் துணைக்கு அழைத்தார்கள். 2006இல் தபால் தலையிலும் வந்தன. 1962இல் வாக்குரிமை கேட்டுக் கிளம்பியவர்களைத் தடுக்க நிறுத்திய படகுப் போக்குவரத்து திரும்ப வந்ததும் அதே 2006இல்தான். 2007இல் போர்வை தைத்த பெண்களில் சிலர், தங்கள் வேலையை வைத்துச் சம்பாதித்த பணத்தில் உரிய பங்கு வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் சமரசத்தில் முடிந்தது. கணக்குப் புத்தகம் மறுபடியும் வேறொருவர் கையில்தான் இருந்திருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

சாக்கு எப்படி மறைந்தது என்பதையும் ஏக்க நினைவு சரியாகச் சொல்வதில்லை. காலம் மாறிற்று, வசதி வந்தது, பெண்கள் கடையில் உடுப்பு வாங்கத் தொடங்கினார்கள் என்று போகிறது கதை. போருக்குப் பிறகு பல அடுக்குக் காகிதப் பை துணியைவிட மலிவாக வந்தது உண்மைதான். பருத்திக் கவுன்சிலும் பை உற்பத்தியாளர்களும் தையல் போட்டிகள் நடத்திக் கடைசிவரை போராடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு போட்டிக்காக 1959இல் கான்சாஸ் மாநிலப் பெண் ஒருவர் தைத்த கவுன் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சாக்கோடு போனது சாக்கு மட்டுமில்லை. ஜார்ஜியா மாநிலத்து கெய்ன்ஸ்வில்லில் தீவனக் கடை வைத்திருந்த ஜெஸ்ஸி ஜூவல் 1930களின் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார். காசில்லாத விவசாயிக்குக் குஞ்சையும் தீவனத்தையும் கடனாகக் கொடுப்பது. வளர்ந்த கோழியைத் தானே வாங்கிக்கொள்வது. பிறகு குஞ்சு பொரிப்பகம், கோழி வெட்டும் ஆலை, தீவன ஆலை எல்லாம் அவருடையதே ஆயின. 1950களின் முடிவில் அமெரிக்காவின் கறிக்கோழி வளர்ப்பில் பெரும்பகுதி இந்த ஒப்பந்த முறைக்குள் போய்விட்டது. கோழி கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. கொட்டகையும் கடனும் மட்டும் விவசாயியுடையவை. வாரச் சாகுபடி கோழிக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. தீவனம் இப்போது லாரியில் மொத்தமாக வந்து நேராகத் தொட்டியில் இறங்கியது. பை எதற்கு? எந்தத் தீவனம் வாங்குவது என்று யாரும் வீட்டுக்காரியைக் கேட்க வேண்டியதில்லை. முட்டைக் காசும் அவள் கையைவிட்டுப் போனது. பூப்போட்ட சாக்கை நினைத்து ஏங்குகிற பெண்கள் துணிக்காக மட்டும்தான் ஏங்குகிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? தன் பெயரில் இருந்த ஒரே வரவு செலவையும் சேர்த்துத்தான் அந்த ஏக்கம் பேசுகிறது என்று வாசிக்க இடமிருக்கிறது. அப்படி வாசிக்கவிடாமல் அதைச் சிக்கனப் பாடமாக்கி வைத்திருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

சந்தை சும்மா இருக்குமா. 1930களின் சாக்குப் பூக்களை அப்படியே நகலெடுத்துப் புதுத் துணியாக அச்சடித்து, போர்வை தைப்பவர்களுக்குக் கஜக் கணக்கில் விற்கிறார்கள். இலவசமாக வந்தது என்பதற்காகவே நினைவில் நின்ற துணியின் நகலுக்கு நல்ல விலை. பழைய சாக்குகளைச் சேகரிப்பவர்கள் தனி. தையல் பிரிக்காத, காகித லேபிள் உரியாத சாக்குக்கு அவர்களிடம் மதிப்பு அதிகம். அதாவது எந்தப் பெண்ணின் கையும் படாத சாக்குக்கு.

ஒட்டுப்போர்வைகளை அருங்காட்சியகங்களில் முன்பக்கம் தெரிகிற மாதிரிதான் மாட்டுகிறார்கள். பின்பக்கம் வேறு. முன்பக்கத்துக்கு நல்ல துண்டுகளைத் தேர்ந்தெடுத்த பிறகு, பின்பக்கத்துக்கு வெள்ளைச் சாக்குகளை அப்படியே இணைத்திருப்பார்கள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதிகம் தேய்த்திருக்க மாட்டார்கள். பழைய போர்வைகளைத் திருப்பிப் பார்த்தால் வெளிர்நீலத்திலோ சிவப்பிலோ பாதி அழிந்த ஆலைப் பெயர், ஊர்ப் பெயர், சில இடங்களில் தலைகீழாக 100 ராத்தல் என்ற எடை தெரியும். உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது அந்தப் பக்கம்தான்.